மிதித்தால் பாடும் வானொலி

இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் மூடாமல் ஆடிய ஒரு லண்டன் தியேட்டரைப் பற்றி 1945இல் வந்த படம் 'டுநைட் அண்ட் எவ்ரி நைட்'. அதில், வேலை கேட்டு வருகிற நடனக்காரன் ஒருவன் வானொலியில் எது வருகிறதோ அதற்கு ஆடிக்காட்டுகிறான். நிலையம் மாற மாற ஆட்டமும் மாறுகிறது. நடுவில் ஹிட்லரின் பேச்சு வர, அதையும் விடாமல் உடம்பால் ஆடுகிறார், அந்த நடனக்காரனாக நடிக்கும் மார்க் பிளாட். பார்க்கிற வெள்ளைக்காரருக்கு அவருடைய கால்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர்களின் கண்ணோ வானொலியில் போய் நிற்கும். இவ்வளவு நேரமாகப் பாடுகிறது, ஒருவரும் மிதிக்கவில்லையே!

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறி தடை செய்யப்பட்ட பொருள். வானொலி கேட்க, சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லை அந்தரத்தில் விட்டு, டைனமோவின் தலை ரயரோடு அழுந்தி உருளும்படி வைக்க வேண்டும். தளர்ந்திருந்தால் வழுக்கும், கூட அழுத்தினால் மிதிப்பவரின் முழங்கால் அன்றிரவே சொல்லும். டைனமோ தருவது 6 வோல்ற், அதுவும் மாறுமின். ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின். மின்னை ஒரே திசையில் விடும் டயோட் நாலைப் பாலமாகக் கொழுவி, முடிவில் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய ஒரு கொண்டென்சர் போட்டால் குரல் தெளிவாக வரும். கொண்டென்சர் போதாவிட்டால் செய்திக்குப் பின்னால் வண்டு இரைவதுபோல ஒரு சத்தம், மிதிக்கிற வேகத்தோடு ஏறியிறங்கும். கண்மூடித்தனமாக மிதித்தால் வோல்ற் கூடி ரேடியோவே போய்விடும். மிதிப்பது பெரும்பாலும் வீட்டுப் பொடியன்தான். தெரிந்த ஊரின் பெயர் செய்தியில் வந்தால் அவனும் காது கொடுப்பான், கால் தளரும், கேட்க வேண்டிய அந்த இடத்தில் குரல் அமுங்கிவிடும். "மிதியடா தம்பி, மிதி!"

அந்தக் குரல் புறப்பட்டது இதே லண்டனிலிருந்து. பிபிசி தமிழோசை.

இங்கே காலூன்றியாயிற்று என்றுதான் சொல்கிறோம். வீடு வாங்கியாயிற்று, சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி, கோயில் திருவிழா, எல்லாம் உண்டு. ஆனால் படத்தில் சைரன் கேட்டதும் எதையாவது நூர்க்க (அணைக்க) வேண்டும்போலக் கை தேடுகிறது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. ஒரு ஊதலில் நூரும். ஊரில் குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தம்தான் சைரன். அன்றைய லண்டனில் சைரன் ஏறியிறங்கி ஊதினால் ஆபத்து, ஒரே சீராக ஊதினால் விலகிவிட்டது. விலகியதென்று சொல்ல ஒரு சத்தம் இருந்த ஊரை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

படம் சோஹோவின் கிரேட் விண்ட்மில் வீதியில் இருந்த விண்ட்மில் தியேட்டரை வைத்து எடுத்தது. படத்தில் அதற்கு 'மியூசிக் பொக்ஸ்' என்று பெயர். லொரா ஹெண்டர்சன் என்ற அம்மையார் அதன் உரிமையாளர். விவியன் வான் டாம் நடத்துநர். 1932இலிருந்து மதியம் தொடங்கி இரவுவரை இடைவிடாத ஆட்டம். 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும் அரசு எல்லாத் தியேட்டர்களையும் மூடச்சொன்ன ஏறத்தாழ இரண்டு கிழமை தவிர, போர் முடியும்வரை அது மூடவில்லை. குண்டுவீச்சு உச்சத்தில் இருந்த நாட்களில் நடனப் பெண்கள் கீழ்த்தள ஒப்பனை அறைகளிலேயே படுத்து எழுந்தார்கள். அசையாமல் சிலைபோல நின்றால் ஆடையில்லாமல் நிற்கலாம் என்று அங்கே அனுமதி இருந்தது, அசைந்தால் குற்றம். அமெரிக்கத் தணிக்கைக்குப் பயந்து ஹொலிவூட் அந்தப் பக்கமே போகவில்லை.

தியேட்டருக்குள் வெளிச்சம் வேண்டும், மேலே வரும் விமானத்துக்குத் தெரியாதபடி வீதிக்கு ஒரு கீற்றும் போகக்கூடாது. அதற்கு அக்காலத்து வழி, வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கனத்த திரை. முதல் திரை விழுந்து மூடிய பிறகே இரண்டாவதை விலக்க வேண்டும். அவசரத்தில் இரண்டும் ஒன்றாக விலகினால் வெளிச்சம் வீதியில் பாயும். கூரையில் மணல் வாளியும் கைப்பம்பியும். தீக்குண்டு ஒவ்வொன்றும் ஒரு கிலோ மட்டில், மக்னீசியம். அதன்மேல் தண்ணீரை நேராகப் பாய்ச்சினால் வெடித்துச் சிதறும். தூறலாக விசிறவேண்டும், அல்லது மணலால் மூடவேண்டும். படத்தில் இந்த வேலைகள் போதுமான அளவு இல்லை என்பதே அதன்மேல் உள்ள பெரிய குறை. நாயகி ரீட்டா ஹேவொர்த் டெக்னிகலர் வண்ணத்தில் ஜொலிக்கிறார் (பாட்டுக் குரல் மார்த்தா மியர்ஸ் உடையது), ஆனால் அந்த ஜொலிப்பை உள்ளே அடைத்து வைத்தவர்களைக் காணோம்.

ஒன்றில் மட்டும் படம் பொய் சொல்லவில்லை. எதிரே இருக்கும் மதுக்கடையில் குண்டு விழுந்து, கூட ஆடிய இருவர் சாகிறார்கள். அன்றைய ஆட்டம் நிற்கவில்லை. இதை நம்பாதவர்கள் இருக்கலாம். ஈழத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் போருக்கு நடுவே 1985இல் ஊரூராகப் போனதைப் பார்த்த சனம் நம்பும். அவரே பின்னாளில், பிள்ளைகள் வெளிநாடு போக ஊரில் தனித்துப்போன முதியவர்களை வைத்து 'எந்தையும் தாயும்' எழுதினார். அந்தப் பிள்ளைகள்தான் இங்கே இருக்கிறோம்.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது 1941 மே 3. ஒரு கிழமை கழித்து, மே 10 இரவு, லண்டனின் மிகக் கொடிய குண்டுவீச்சுகளில் ஒன்று. விண்ட்மில்லில் ஆட்டம் நடந்துகொண்டிருந்த அதே மாதத்தில் இந்த நகரத்திலிருந்து தமிழ் போய்க்கொண்டிருந்தது. கிரேட் விண்ட்மில் வீதியிலிருந்து லெஸ்டர் சதுக்கம், ஸ்ட்ராண்ட் வழியாக அரை மணிக்கும் குறைவாக நடந்தால் அல்ட்விச்சில், பிபிசி இருந்த புஷ் ஹவுஸ். பொடியன்கள் மிதித்துக் கேட்ட தொண்ணூறுகளின் குரல் இங்கிருந்துதான் வந்தது. 2012இல் பிபிசி அந்தக் கட்டடத்தை விட்டுப் போய்விட்டது. தூண்கள் அப்படியே நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது எங்கள் ஆட்கள் இன்னமும் அந்தப் பக்கத்து யன்னலில்தான் இருப்பார்கள்.