பேய்ப்படம் பார்த்துப் பயம் வரலைன்னா முதல்ல ஃபேனைக் குறைங்க

கேரள எல்லையை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளைப் பக்கம் பேய்ப்படத்துக்குத் தீர்ப்பு இரண்டுதான். ஒன்று "கொள்ளாம்", அதாவது நல்லாயிருக்கு. இன்னொன்று "ஒரு பயமும் இல்ல மக்கா". இந்த இரண்டாவது தீர்ப்பைப் பல நேரம் வாங்க வேண்டியது படமல்ல, அஞ்சாம் நம்பரில் ஓடும் ஃபேன்.

திடுக்கிடல் என்பது சத்தத்தின் அளவால் மட்டும் வருவதில்லை, அமைதிக்கும் சத்தத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தாலும் வருகிறது. இயக்குநர் இருபது விநாடி அமைதியை வைத்து, அதன் முடிவில் ஒரு கதவை அறைகிறார். டைல்ஸ் தரை, வெறும் சிமென்ட் சுவர், முழு வேக ஃபேன் என்றிருக்கும் ஹாலில் அந்த இருபது விநாடியும் இரைச்சலாகவே கழியும். கதவு மட்டும் அறையும், மனசு அறையாது. ஃபேனை இரண்டில் வையுங்கள். சன்னலுக்குத் தடித்த திரையும், தரையில் ஒரு ஜமுக்காளமும் இருந்தால் எதிரொலி பாதி அடங்கும்.

அடுத்த தவறு ரிமோட்டில் நடக்கிறது. தியேட்டருக்காகக் கலந்த ஒலியில் பேச்சு தாழ்ந்தும் அதிர்ச்சி உயர்ந்தும் இருக்கும். பேச்சு கேட்கவில்லை என்று ஏற்றுகிறோம், பேய் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரருக்காகப் பதறி இறக்குகிறோம். இப்படி ஏற்றி இறக்கினால் எந்தப் படமும் செத்துவிடும். முதல் பத்து நிமிடத்தில் ஒரு சாதாரண உரையாடலுக்கு ஒலியைச் சரிசெய்துவிட்டு ரிமோட்டைத் தள்ளி வைக்க வேண்டும். டிவியில் 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது தாழ்ந்ததை உயர்த்தி, உயர்ந்ததைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் சமமாக்குகிறது. குழந்தை தூங்கும் வீட்டுக்கு நல்லது, பேய்க்குக் கெட்டது. ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த 5.1 ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டு டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்களுக்குப் பேச்சு அமுங்கிப்போவதும் உண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பெரும்பாலும் தெளியும். அடிவயிற்றில் உறுமும் தாழ்ந்த ஒலி டிவி ஸ்பீக்கரில் வரவே வராது. அதற்கு வூஃபர் வேண்டும், இல்லையென்றால் நல்ல ஹெட்போன். வூஃபரைச் சுவர் மூலையில் திணித்தால் எல்லாம் குடத்துக்குள் பேசுவதுபோல் கும்மென்று கேட்கும், கொஞ்சம் முன்னே இழுத்து வையுங்கள்.

படத்துக்கு வருவோம். டிவியில் அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் 'மோஷன் ஸ்மூத்திங்' எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் தேடி அணைக்கவும். அது இருந்தால் பேய் மெகா சீரியலில் நடக்கிற மாமியார் மாதிரி நடக்கும். மின்சாரம் மிச்சப்படுத்தும் 'இகோ' வசதி இருட்டுக் காட்சியில் திரையை இன்னும் மங்கலாக்கும், அதுவும் வேண்டாம். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' உண்மையில் கறுப்பின் அளவைத்தான் மாற்றும். இருட்டில் கறுத்த தலைமுடியின் இழை தெரியவேண்டும், சுவர் சாம்பலாக வெளுக்கக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்தவும். ட்யூப்லைட்டை அணைத்து, டிவிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை மட்டும் விட்டால் கண்ணும் வலிக்காது, கறுப்பும் ஆழமாகத் தெரியும். 2024இல் வந்த மலையாளப் பேய்ப்படம் 'ப்ரமயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மோடில் போட்டால் வெள்ளையெல்லாம் நீலம் பாய்ந்து, மம்மூட்டியின் முகம் சோப்புத்தூள் விளம்பரத்துத் துணிபோல் ஆகும். நிறவெப்பத்தை 'வார்ம்' பக்கம் தள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பயம் வரவில்லையென்றால் அப்புறம் படத்தைத் திட்டலாம். ஆனால் எல்லைப்புறத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: பேய் பேசும் மொழி.

1993இல் ஃபாசில் எடுத்த மலையாளப் படம் 'மணிச்சித்ரத்தாழ்'. அதில் கணவன் நகுலன் வெளியே போக வேண்டாம் என்கிறான், மனைவியாக வரும் ஷோபனாவின் குரலில் மலையாளம் கழன்று தமிழ் ஏறுகிறது. அவள் தானென்று நினைக்கும், செத்துப்போன நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. மலையாளிக்கு அந்த இடத்தில் மனைவியே அந்நியமாகிறாள், உடம்பு சில்லிடுகிறது. நமக்கோ அது வீட்டு மொழி. பயம் வராமல் "அட, நம்ம பாஷை" என்று தோன்றிவிடும் ஆபத்து இருக்கிறது. காப்பாற்றுவது ஒன்றுதான்: அது தக்கலைச் சந்தையில் கேட்கும் தமிழ் இல்லை. படத்தின் சில பகுதிகளை எடுத்த பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடம் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளம். பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கறுத்த பளபள தரையில் வழுக்கி விளையாடியவர்களிடம் அரண்மனையைக் காட்டிப் பயமுறுத்துவதும் கஷ்டம்தான்.

மறு ஆக்கம் செய்தவர்கள் இந்த மொழிச் சூட்சுமத்தைச் சரியாகப் பிடித்தார்கள். 2005இல் பி. வாசுவின் 'சந்திரமுகி' தெலுங்கு பேசினாள், 2007இல் இந்தி 'பூல் புலையா'வில் மஞ்சுலிகா வங்காளம் பேசினாள். பேய் எப்போதும் பக்கத்து மாநிலத்திலிருந்துதான் வரும்போல. ஆகவே இந்தக் கதையைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பது வீண். எல்லோரும் தமிழே பேசும்போது மாறுவதற்கு என்ன மிச்சம்?

நம்மூர் ரசிகரை அசைக்காத இன்னொன்று, முகத்தில் முடியை விரித்துப்போட்டு வரும் வெள்ளைச் சேலை. ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில், பயந்து கும்பிடும் நாட்டார் தெய்வம் இசக்கிக்குக் கோயிலே இருக்கிறது. சுண்ணாம்பு கேட்டு வரும் யட்சி என்ற பெண் பேயின் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, பேய் அழகாக, நிதானமாக, தேவையோடு வரவேண்டும். சும்மா கத்தினால் செல்லாது. மலையாளத்தின் 'பூதகாலம்' (2022) இங்கே கொள்ளாம் வாங்கியதற்குக் காரணம் அதுதான் என்று படுகிறது: வெகுநேரம் ஒரு தாயும் மகனும் ஒருவரையொருவர் நம்பாமல் இருப்பதை மட்டும் காட்டி, பேயைக் கடைசிக்கு வைத்திருக்கிறது.

த்ரில்லருக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம், செல்போனைத் தள்ளி வைத்தால் போதும். 'த்ரிஷ்யம்' (2013) போன்றவற்றில் என்ன நடந்தது என்பது நமக்கு முன்பே தெரியும், போலீஸுக்குத் தெரியாது. உடல் எங்கே என்பது மட்டும் நமக்கும் தெரியாது. யாருக்கு எது தெரியும் என்ற கணக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி பார்க்கிற நேரத்தில் அறுந்துபோகும். அப்புறம் "லாஜிக் இல்ல" என்பார்கள்.

கடைசியாக சப்டைட்டில். மலையாளம் காதுக்குப் பழகியவர்களுக்கு அது தேவையே இல்லை. வேண்டுமென்றாலும் காது கேளாதோருக்கான வகையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பேய் வருவதற்கு அரை விநாடி முன்னால், திரையின் அடியில் "கதவு கிறீச்சிடுகிறது" என்று எழுதிக் காட்டிவிடும்.