மணல் கொட்டினால் தீவு ஆகிவிடுமா?

தென்சீனக் கடலில் பல நாடுகள் உரிமை கோரும் ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தின் செயற்கைக்கோள் படத்தை இன்று பெரிதாக்கிப் பார்த்தால், சுபி என்ற பவளத் திட்டில் கோடு போட்டதுபோல சீனா கட்டிய ஒரு விமான ஓடுபாதை. கிட்டத்தட்ட 3 கி.மீ.

2014-க்கு முன் அலை ஏறினால் அந்தத் திட்டே தண்ணீருக்குள்.

தூர்வாரும் கப்பலின் வெட்டுத்தலை பவளப்பாறையை நொறுக்கும். அதைத் தண்ணீரோடு உறிஞ்சி, மிதக்கும் குழாய் வழியே திட்டின் மேல் கொட்டுவார்கள். தண்ணீர் வடியும், மணல் தங்கும். சுற்றிலும் கான்கிரீட் சுவர். கிளம்பும் கலங்கல் வெளிச்சத்தை மறைப்பதால் பக்கத்துப் பவளமும் சாகும்.

இவ்வளவு செய்தும் சட்டப்படி பலனில்லை. ஏற்றத்தில் மூழ்கும் திட்டு, மேலே என்ன கட்டினாலும், தனக்கென 12 கடல் மைல் கடல் எல்லை பெறாது என்றது, பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016-ல் தீர்ப்பளித்த சர்வதேசத் தீர்ப்பாயம். கிணறும் மரமும் உள்ள, தைவான் வசமிருக்கும் இட்டு அபா தீவையே, 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் பெறாத வெறும் ‘பாறை’ என்றுவிட்டது (அது கொஞ்சம் அதிகப்படிதான்). சீனா தீர்ப்பையே ஏற்கவில்லை.

பிலிப்பைன்ஸின் வழி மலிவானது. 1999-ல் சியரா மாத்ரே என்ற இரண்டாம் உலகப்போர்க் காலக் கப்பலை செகண்ட் தாமஸ் திட்டில், அந்த இடத்தைத் தன் வசம் வைத்திருக்க, வேண்டுமென்றே தரைதட்ட விட்டது. துருவேறி ஓட்டை விழுந்த அந்தக் கப்பலில் இன்னமும் வீரர்கள் காவல் இருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் படகுகள் மேல் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் தண்ணீரைப் பீய்ச்சியடித்தன. 2024 ஜூலையில்தான் இந்தப் படகுகள் போய்வருவது பற்றி இரு நாடும் ஓர் இடைக்கால ஏற்பாட்டுக்கு வந்தன.