விடுற மூச்சைக் கவனிங்க

யோகா வகுப்பில் எல்லாரும் மூச்சை இழுப்பதில்தான் மும்முரம். திருமூலர் கணக்கைப் பாருங்கள்: இழுக்க 16 மாத்திரை (ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம்), உள்ளே நிறுத்த 64, வெளியே விட 32. அந்த 64-ஐப் புதிதாக வருபவர்கள் தொடவே வேண்டாம். பிரஷர், இதயக் கோளாறு இருந்தால் அடக்கவே கூடாது. (யூடியூப் பார்த்து மூச்சடக்கும் வீரர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்!)

ஆனால் இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் நிதானமாக விடுவது பெரும்பாலோருக்குக் கைகூடும். மூச்சு வெளியேறும்போது இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி, இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. மூன்று எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி மூக்கு வழியாகவே விடுங்கள். இதற்குப் பாய் விரிக்க வேண்டியதில்லை. சைதாப்பேட்டை சிக்னலில் பச்சை விழுமுன்பே பின்னால் ஹாரன் அடிப்பார்களே, நான் செய்வது அப்போதுதான். ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது!