பேரீச்சை மட்டையில் கரி: இதுவரை வந்த இடம்

குடியாத்தம் பக்கம் தெரிந்த அண்ணன் ஒருவர் பர்ஹி ரகப் பேரீச்சை வைத்திருக்கிறார். வருடாவருடம் காய்ந்த மட்டைகளைக் கழித்து வரப்போரம் குவித்துக் கொளுத்திவிடுவார். முள் இருப்பதால் ஆடு மாடு கிட்டே வராது. உலர்ந்த மட்டையில் கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது, விறகுக்குச் சளைத்ததல்ல. அதை வயலிலேயே புகையாக விட எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்டதும் "எடுத்துட்டுப் போப்பா, எனக்கு எடம் ஆவும்" என்றார்.

அப்படியே அடுப்பில் வைத்தால் ஓலை பரபரவென்று எரிந்து அடங்கிவிடுகிறது. உலை கொதிக்கும் வரை நிற்காது. அதனால் கரியாக்குவது என்று முடிவு செய்து முதலில் பிரித்தேன்: ஓலை தனி, நடுத்தண்டு தனி, மரத்தோடு ஒட்டியிருக்கும் அகலமான அடிமட்டை தனி. என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி இங்கேயே இருக்கிறது. ஓலையில் மணல்சத்தும் உப்பும் அதிகம், எரிந்தால் சாம்பல் நிறைய விழும். தண்டும் அடிமட்டையும் தான் உருப்படியான கரி தருகின்றன. முள்ளை வெட்டுக்கத்தியால் சீவிவிட வேண்டும், தோல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

வேலூர் வெயிலில் உலர்த்துவது ஒரு பிரச்சினையே இல்லை.

கரிமூட்டத்துக்கு 200 லிட்டர் இரும்பு டிரம். அடியில் காற்றுக்கு ஓட்டைகள் போட்டு, துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மேலிருந்து தீ வைத்தேன். தீ கீழ்நோக்கி மெல்ல இறங்கும். புகையைப் பார்த்துத்தான் நடப்பது புரியும். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை, அது ஈரம். அப்புறம் மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும், தார் வெளியேறும் நேரம் அது. கடைசியில் புகை மெலிந்து நீலமாகி, கிட்டத்தட்ட தெரியாமல் போகும். அந்த நேரத்தில் அடி ஓட்டைகளைக் களிமண்ணால் பூசி, மூடியையும் போட்டு விளிம்பில் மண் அடைக்க வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகும். மறுநாள் வரை திறக்கக் கூடாது, உள்ளே சூடு இருந்தால் காற்று பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும். போட்ட எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரியாகக் கிடைக்கிறது.

பெரிய துண்டுகளை அப்படியே வைத்துக்கொண்டேன். உதிர்ந்ததை இடித்துச் சலித்து, 10 கிலோ தூளுக்கு முக்கால் கிலோ மரவள்ளி மாவைக் கஞ்சி காய்ச்சிப் பிசைந்து, பிவிசி குழாய்த் துண்டில் அமுக்கிக் கட்டியாக்கினேன். நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு அப்புறம் வெயிலில் வைத்தால் வெடிப்பு விடுவதில்லை.

சோதனைக்குத் தெருமுனை இஸ்திரி வண்டி. அங்கே சீமைக்கருவேலக் கரிதான் வழக்கம், நல்ல அடர்த்தியான கரி, அதோடு போட்டி போடுவது லேசில்லை. ஓலைத்தூள் கலந்த கட்டியைப் பெட்டியில் போட்ட பெரியவர், "சூடு நிக்குது நைனா. ஆனா வெள்ளச் சட்டைக்கு இது ஆவாது, சாம்பல் பறக்குது" என்றார். தண்டும் அடிமட்டையும் மட்டும் சேர்ந்த கட்டிகளைக் கொடுத்தபோது முகம் மாறியது. "இத்த இன்னும் கொஞ்சம் குடு." இஸ்திரி போட்டே வாழ்ந்த மனிதரின் வாயிலிருந்து அதைக் கேட்டதில் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

எந்தக் கரியானாலும் மூடிய அறைக்குள் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஓலைக்கரியை இப்போது வெளி அடுப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன். சாம்பலில் பொட்டாசியம் இருப்பதால் கொஞ்சம் வாழைக்கடியில் போடுகிறேன். அடுத்தது, ஏரிக்கரை ஈச்ச மரங்களின் காய்ந்த மட்டை. பேரீச்சைக்குப் பங்காளி மரம், எங்கள் பக்கம் ஏராளம். அடிமட்டையை வெட்ட, மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும் மெஷின் வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் ஒரு மூட்டம் போட்டுவிட வேண்டும்.