அச்சுக்கோத்தவரின் பெயர்: ஒரு செமஸ்டர் நாட்குறிப்பு

செப்டம்பர் 5, 2024

பாஸ்டனுக்கு அருகிலுள்ள கல்லூரி ஒன்றில், 1800-க்கு முந்தைய அமெரிக்க இலக்கியம் பற்றிய மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஊரில் நான் முதுகலை படித்தபோது அமெரிக்க இலக்கியத் தாள் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் எமர்சனிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய இரு நூற்றாண்டுகளை முன்னுரையில் ஒரு பத்தியாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த ஒரு பத்திதான் இங்கே முழு செமஸ்டருக்கான பாடம். பட்டியலில் பிரசங்கங்களும் கடிதங்களும் குடியேற்ற வரலாறுகளும் நிறைந்திருக்க, நாவல் கடைசி வாரத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு நூலையும் யார் எழுதினார்கள் என்பதோடு, அது எப்படி அச்சுக்கு வந்தது என்பதையும் குறித்துவர வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். முதலில் அதை வெறும் நூலக வேலையாகவே எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 12

வில்லியம் பிராட்ஃபோர்டின் பிளிமத் குடியேற்ற வரலாறு. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களின் கதையை அவர் 1630 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எழுதினார். ஆனால் அது அவர் காலத்தில் அச்சேறவில்லை. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமற்போன கையெழுத்துப் படி, 1855-இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் அரண்மனை நூலகத்தில் இருப்பது தெரியவந்து, மறு ஆண்டு முழுமையாக அச்சாகி, 1897-இல் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது. ஆக, அமெரிக்க இலக்கியத்தின் தொடக்கமாக நாம் படிக்கும் இந்த நூலை எமர்சன் தம் ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் முழுமையாகப் படித்திருக்க முடியும். என்னைக் கவர்ந்தது வேறொன்று: அறுபது வயதை எட்டிய பிராட்ஃபோர்ட் எபிரேய மொழி கற்கத் தொடங்கி, அதே ஏட்டின் முன்பக்கங்களில் எபிரேயச் சொற்களைப் பள்ளிப் பிள்ளையைப் போல வரிசையாக எழுதிப் பழகியிருக்கிறார்.

செப்டம்பர் 26

மாசசூசெட்ஸில் குடியேறிய கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட். இவருடைய கவிதைகளை, அவருக்குத் தெரியாமலேயே, தங்கையின் கணவர் லண்டனுக்குக் கொண்டுபோய் 1650-இல் வெளியிட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. அச்சான நூலைக் கையில் வாங்கிய தாய், அதைத் தன் அழுக்குக் குழந்தையாக எண்ணிப் பேசும் கவிதையை இன்று வரிவரியாகப் படித்தோம். முகத்தைக் கழுவினால் இன்னொரு குறை தெரிகிறது. ஒரு கறையைத் தேய்த்தால் புதிய கறை விழுகிறது. கால்களைச் சமமாக்க மூட்டுகளை இழுத்துப் பார்க்கிறாள், நொண்டல் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் பாதத்தைக் குறிக்கும் சொல் யாப்பின் அளவையும் குறிப்பதால் இந்த வரியில் சிலேடை இருக்கிறது என்பதைப் பேராசிரியர் விளக்க வேண்டியிருந்தது. ‘அடி’ என்றால் பாதமும் உண்டு, பாட்டின் வரியும் உண்டு என்று அறிந்து வளர்ந்த எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

அக்டோபர் 10

மேரி ரோலண்ட்சனை இரண்டே இரவுகளில் படித்து முடித்துவிட்டேன். மாசசூசெட்ஸின் லங்காஸ்டர் ஊரை 1676 பிப்ரவரியில் பூர்வகுடிப் படையினர் தாக்கியபோது பிடிபட்டு, பதினொரு வாரம் அவர்களோடு காடும் ஆறும் கடந்து, இருபது பவுண்டு மீட்புத்தொகைக்கு விடுவிக்கப்பட்ட பாதிரியாரின் மனைவி இவர். காயம்பட்ட ஆறு வயது மகள் வழியிலேயே இறந்துபோகிறாள். நூலில் கடவுள் செயலைப் பற்றிய பிரசங்கம் ஒருபுறம் ஓடுகிறது. மறுபுறம் பசி எழுதுகிறது. போரை நடத்திய தலைவர் மெட்டாகமை ஆங்கிலேயர்கள் ‘பிலிப் மன்னர்’ என்று அழைத்தார்கள். அவருடைய மகனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததற்காக ரோலண்ட்சனுக்கு ஒரு ஷில்லிங் கிடைக்கிறது. அதற்குக் குதிரை இறைச்சி வாங்குகிறார். பிறகு ஒரு தொப்பி தைத்துக் கொடுத்ததும் விருந்துக்கு அழைப்பு வருகிறது. வறுத்து இடித்த கோதுமையைக் கரடிக் கொழுப்பில் பொரித்த, இரண்டு விரல் அகலமே உள்ள ஓர் அப்பம்; அதைவிடச் சுவையானதை வாழ்நாளில் உண்டதில்லை என்று எழுதுகிறார். இன்னோர் இடத்தில், குழந்தை ஒன்று மெல்ல முடியாமல் சப்பிக்கொண்டிருந்த வேகவைத்த குதிரைக் குளம்பைத் தானே பிடுங்கித் தின்றதையும் மறைக்கவில்லை. தம்மைச் சிறைப்பிடித்தவர்களைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டுமிராண்டிகள் என்று ஏசும் ஒருவர், அந்தச் செயலை ஏன் நீக்காமல் விட்டார் என்பதுதான் இன்று வகுப்பில் நெடுநேரம் நடந்த வாதம். பாவ அறிக்கை என்றார்கள் சிலர். பசித்தவரின் நேர்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 13

அச்சு விவரத்தைத் தேடப் போய் ஒரு மனிதரைக் கண்டேன். ஜேம்ஸ் பிரிண்டர்: நிப்மக் என்னும் பூர்வகுடி இனத்தவர், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் சாமுவேல் கிரீனின் அச்சகத்தில் தொழில் பழகியவர். 1663-இல் பாதிரியார் ஜான் எலியட் மாசசூசெட் என்னும் பூர்வகுடி மொழியில் வெளியிட்ட பைபிள், அமெரிக்க மண்ணில் அச்சான முதல் பைபிள். அதற்கு உழைத்த கைகளில் இவருடையதும் ஒன்று. போர் மூண்டபோது இவர் மெட்டாகம் தரப்பில் இருந்தார். ரோலண்ட்சனின் மீட்புக்காகப் பூர்வகுடித் தலைவர்கள் அனுப்பிய கடிதங்களில் இவருடைய கை இருந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். போருக்குப் பின் மன்னிப்புப் பெற்று அதே அச்சகத்துக்குத் திரும்பினார். ரோலண்ட்சன் நூலின் 1682-ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் பதிப்பு வெளிவந்தது அந்த அச்சகத்திலிருந்துதான். தம் மக்களை ஏசும் வரிகளுக்கு எழுத்தெழுத்தாக ஈயம் கோத்த விரல்கள் இவருடையவையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வந்த பிறகு, அந்நூலை முன்போல என்னால் படிக்க முடியவில்லை.

அக்டோபர் 20

எலியட்டின் பைபிளைப் பற்றித் தேடியபோது எதிர்பாராமல் தரங்கம்பாடி வந்து நின்றது. பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் 1721-இல் இந்தியாவைப் பெயரில் தாங்கிய ஒரு சிறு நூலை வெளியிட்டிருக்கிறார். அதில் தரங்கம்பாடி மிஷனரிகளோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து அச்சாகியுள்ளது. சீகன்பால்குக்கு அவர் எழுதினார். சீகன்பால்கு 1719-இல் இறந்துவிட, பதில் எழுதியவர் உடனிருந்த குருண்ட்லர். மாசசூசெட் மொழி பைபிளுக்கும், 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்கூட முழுதாக இடைவெளி இல்லை என்று எழுத நினைத்து, கணக்குப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. அவசரப்பட்டிருப்பேன்.

அக்டோபர் 31

பாதிரியார் ஜோனதன் எட்வர்ட்ஸ், 1741, என்ஃபீல்டு பிரசங்கம். நெருப்புக்கு மேலே நூலில் தொங்கும் சிலந்தி. கேட்டவர்கள் அலறினார்களாம். நான் அலறவில்லை; ஆனால் விளக்கை அணைக்காமல் தூங்கினேன்.

நவம்பர் 14

கவிஞர் ஃபிலிஸ் வீட்லியைப் பற்றி நான் எழுதிய கட்டுரை திரும்பி வந்தது. இவர் ஏழு வயதளவில் 1761-இல் அடிமையாகப் பாஸ்டனில் விற்கப்பட்டவர். அவருடைய கவிதை நூல் 1773-இல் லண்டனில் வெளிவந்தபோது, இவற்றை இவரே எழுதினார் என்று ஆளுநர் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் உட்பட 18 பாஸ்டன் பிரமுகர்கள் கையொப்பமிட்ட சான்றுரையும் அதில் இடம்பெற்றது. ‘ஒரே அறையில் கூடிய 18 பேர் முன்னிலையில் அந்தப் பெண் நடுங்கியபடி நின்றாள்’ என்று என் கட்டுரையைத் தொடங்கியிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: சான்று? அப்படி ஒரு கூட்டம் நடந்ததாக எந்த ஆவணமும் இல்லை. பலர் எழுதிவைத்த காட்சியை நானும் நம்பிவிட்டேன். அவரே கவிதை எழுதியிருக்கும்போது, அவருக்கு நடுக்கத்தையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் குறைந்ததைவிட இதுதான் உறுத்துகிறது.

டிசம்பர் 5

இறுதிக் கட்டுரைக்கு ஜேம்ஸ் பிரிண்டரையே எடுத்துக்கொண்டேன். இம்முறை காட்சி எதையும் புனையவில்லை. ரோலண்ட்சன் நூலை அவர் அச்சுக்கோத்ததைப் பற்றிய இடத்தில் ‘இருந்திருக்கலாம்’ என்பதை அழிக்காமல் விட்டேன். கட்டுரையை முடித்தது 1709-ஆம் ஆண்டில் அச்சான, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகத்தில். ஒரு பத்தியில் மாசசூசெட் மொழி, எதிர்ப்பத்தியில் ஆங்கிலம். தலைப்புப் பக்கத்தின் கீழே அச்சிட்டவர்களாக இரண்டு பெயர்கள்: பி. கிரீன், ஜே. பிரிண்டர்.