அப்பா பெயரில் விழுந்த மேற்கோள்கள்

சமூகவியல் ஆய்விதழ் ஒன்றில் ஆறு வருஷம் துணை ஆசிரியராக இருந்தேன். கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலில் பெயர், ஆண்டு, பக்க எண் சரியா என்று பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

கட்டுரை அனுப்புகிறவர்கள் போனில் முதலில் கேட்பது, "உங்க இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு மேடம்?" பதவி உயர்வுக்கு அது வேண்டும், பாவம். ஓர் இதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டில் மற்ற கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. மருத்துவ இதழுக்கு 2 வருஷம் போதுமாக இருக்கலாம். எங்களுக்கு? ஒரு ஊரில் ஒரு வருஷம் தங்கி, எழுதி, மதிப்பாய்வாளரிடம் போய்த் திரும்பி அச்சேறவே 3 வருஷம் ஆகிவிடும். கொரோனா ஊரடங்கு பற்றி வந்தவை மளமளவென்று எண்ணிக்கை ஏற்றின. ஏரிப் பாசனத்தில் நீர்ப்பங்கீடும் சாதியும் பற்றி வந்த அருமையான கட்டுரை ஒன்று 4 வருஷம் பூஜ்யத்திலேயே கிடந்தது.

நிராகரிக்கப்பட்டவர்களைத் தேற்ற எங்கள் ஆசிரியர் ஒரு கதை வைத்திருந்தார். நெருங்கிய நண்பர்களைவிட லேசாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் புதுச் செய்தி நம்மிடம் வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதியதை 1969இல் அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவ்யூ இதழ் திருப்பி அனுப்பியது. திருத்திய வடிவம் 1973இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜியில் வந்தது. சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் இன்று அதுவும் ஒன்று. கதை நல்ல கதைதான். கேட்டவர்கள் யாரும் தேறியதாகத் தெரியவில்லை.

என்னை உறுத்துவது வேறு. தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒருவர், இனிஷியலோடு பெயர். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கே விடாது. நான் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரை அதில் போட்டுவிட்டேன். அச்சான பின் அதைப் பார்த்துத்தானே மற்றவர்கள் தங்கள் நூற்பட்டியலில் பெயரை எழுதுவார்கள்? 2 வருஷம் கழித்துப் போன் செய்தார். கோபமே இல்லை.

"மேடம், என் பேர்ல 2 மேற்கோள், எங்கப்பா பேர்ல 9. அவர் மூணாங்கிளாஸ் தாண்டலை."

சிரித்துவிட்டு, அப்புறம் வெட்கமாகிவிட்டது. மேற்கோள்களை எண்ணிக் கணக்கு வைக்கும் தரவுத்தளத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினேன். 5 மாறின. 4 இன்னும் அப்பாவிடமே இருக்கின்றன.