டைலுக்குள் முடிய வேண்டிய வேலை

கைப்பேசி விளையாட்டு முதல் 5 நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, 15ஆவது நிமிடத்தில் திக்குகிறது என்றால் எல்லாரும் முதலில் ஷேடரைத்தான் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) திட்டுவார்கள். பல நேரம் ஷேடர் பாவம். சிப்புக்கும் வெளியில் இருக்கும் டிராமுக்கும் (முதன்மை நினைவகம்) நடுவே வீணாகப் போய்வரும் பைட்டுகள்தான் சூட்டைக் கிளப்புகின்றன. சிங்கப்பூரின் ஒன்-நார்த் அலுவலக ஏர்கானில் இது தெரியவே தெரியாது. மதியம் 2 மணிக்கு, 32 டிகிரி வெக்கையில், அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கைப்பேசியில் படம் வரையும் சிப்புகளான (ஜிபியு) மாலி, பவர்விஆர், அட்ரினோ, ஆப்பிள் ஜிபியு எல்லாமே அடிப்படையில் டைல் முறைதான்: முக்கோணங்களால் ஆன காட்சியை, திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக (டைல்) வெட்டி வரையும். எந்த முக்கோணம் எந்த டைலில் விழுகிறது என்று முதலில் பட்டியல் போட்டு டிராமில் வைக்கும். பிறகு டைல் டைலாக எடுத்து, நிறத்தையும் ஆழத்தையும் (பிக்சலில் தெரிவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது) சிப்புக்குள் இருக்கும் சிறிய நினைவகத்திலேயே முடித்து, கடைசியில் ஒரே தடவை வெளியே எழுதும். 1998இல் வந்த ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியின் பவர்விஆரில் டைல் 32×32 பிக்சல். பல மாலிகளில் 16×16. புராட்டா போடுகிறவர் எல்லா வேலையையும் கல்லிலேயே முடித்துத் தட்டில் வைப்பது மாதிரி. பாதி வெந்ததைத் தட்டுக்கும் கல்லுக்கும் மாற்றிக்கொண்டிருந்தால் வரிசை நகராது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920×1080 திரையில் பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு பிரேமின் (திரையில் வரும் ஒரு முழுப் படம்) நிறத்துக்கு 8.3 எம்பி. நொடிக்கு 60 பிரேம் என்றால் கிட்டத்தட்ட 500 எம்பி. ஆழமும் ஸ்டென்சிலும் (எங்கே வரையலாம் என்று குறிக்கும் மறைப்பு) சேர்ந்து இன்னொரு 4 பைட். அதை ஒவ்வொரு பிரேமிலும் வெளியே எழுதி, அடுத்த பிரேமில் திரும்ப உள்ளே ஏற்றினால் நொடிக்கு 1 ஜிபி. டிராம் போக்குவரத்தில் நொடிக்கு 1 ஜிபிக்குச் சுமார் 100 மில்லிவாட் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. கைப்பேசி நெடுநேரம் தாங்குவதே சில வாட்தான். பிரேம் முடிந்தபின் யாரும் பார்க்காத ஆழத்துக்கு இந்தச் செலவு கொள்ளை.

இதைத் தவிர்க்க, வல்கன் என்ற வரைகலை இடைமுகத்தில் ஆழத்துக்கு லோட் ஆப் (தொடக்கத்தில் என்ன செய்வது) 'கிளியர்', ஸ்டோர் ஆப் (முடிவில் வெளியே எழுதுவதா) 'டோன்ட் கேர்' என்று வையுங்கள். படிமத்தை 'டிரான்சியன்ட்' (தற்காலிகம்) என்று குறித்து 'லேசிலி அலொகேட்டட்' (தேவைப்பட்டால் மட்டும் ஒதுக்கும்) நினைவகம் கேட்டால், அந்த வகை இருக்கும் சாதனங்களில் 8 எம்பி இடமே ஒதுக்காமல் தப்பிக்கலாம். ஆப்பிளின் இடைமுகமான மெட்டலில் இதற்குப் பெயர் 'மெமரிலெஸ்'. ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0 இடைமுகத்தில் 'இன்வாலிடேட் ஃப்ரேம்பஃபர்' (ஃப்ரேம்பஃபரில், அதாவது வரையும் இடத்தில், உள்ளது இனி வேண்டாம் என்ற கட்டளை) உண்டு, ஆனால் வரிசை முக்கியம்: அடுத்த ஃப்ரேம்பஃபருக்கு மாறுவதற்கு முன்பே அழைக்க வேண்டும். மாறியபின் அழைத்தால் அது புதியதைத்தான் குறிக்கும். பழையது வெளியே போய்விட்டிருக்கும். இன்னொரு வழக்கமான தவறு, கிளியர் (துடைப்பது) செய்வதற்குப் பதில் திரை முழுக்க ஒரு செவ்வகம் வரைவது. பழைய படம் வேண்டாம் என்பது டிரைவருக்கு எப்படித் தெரியும்? அது முழுவதையும் உள்ளே ஏற்றும். சிசர் போட்டு (எல்லையைக் குறுக்கி) ஒரு பகுதியை மட்டும் துடைத்தாலும் அதே கதி.

எம்எஸ்ஏஏ (விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தைக் குறைக்க ஒரு பிக்சலுக்குப் பல மாதிரிகள் எடுப்பது) விஷயத்தில் நஷ்டம் இன்னும் பெரிது. 16×16 டைலில் பிக்சலுக்கு 4 மாதிரி என்றால் நிறத்துக்கு 4 கேபி, உள்ளேயே அடங்கிவிடும். மாதிரிகளை அப்படியே வெளியே எழுதினால் பிரேமுக்கு 33 எம்பி, நொடிக்கு 2 ஜிபி. பிறகு தனியாக ரிசால்வ் (மாதிரிகளைச் சேர்த்து ஒரே நிறமாக்கும்) கட்டளை கொடுத்தால் அதே 2 ஜிபியைத் திரும்பப் படிக்க வேண்டும். சப்பாஸிலேயே (வரையும் வேலையின் ஒரு கட்டம்) ரிசால்வ் அட்டாச்மென்ட் (முடிவைப் பெறும் படிமம்) வைத்து, மாதிரிகளின் ஸ்டோர் ஆப்பை 'டோன்ட் கேர்' ஆக்குங்கள்.

டிஃபர்ட் ஒளியமைப்பையும் (பொருள்களின் விவரங்களை முதலில் ஜி-பஃபர் என்னும் படிமங்களில் எழுதி, பிறகு ஒளியைக் கணக்கிடுவது) சப்பாஸ்களாக இணைத்து டைலுக்குள் வைக்கலாம். ஆனால் இன்புட் அட்டாச்மென்டில் (முந்தைய சப்பாஸ் எழுதியதைப் படிக்கும் வழி) தன் பிக்சலை மட்டுமே படிக்க முடியும். பக்கத்து பிக்சல் தேவைப்படும் பிளர் (மங்கலாக்கல்) போன்றவை வெளியே வந்துதான் ஆக வேண்டும். பழைய மாலிகளில் பிக்சலுக்கு 128 பிட் தாண்டினால் டைலே சிறுத்துவிடும். ஜி-பஃபரைக் கஞ்சத்தனமாக வடிவமையுங்கள்.

பட்டியல் போடும் பக்கம் வன்பொருள்காரர்களின் தலைவலி. முக்கோணத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் கற்பனை செய்து, அது தொடும் டைல்கள் எல்லாவற்றிலும் சேர்ப்பது எளிது. ஆனால் மூலைக்கு மூலை போகும் மெல்லிய முக்கோணத்துக்கு அந்தச் செவ்வகம் 1080பி திரையின் 8,160 டைல்களையும் தொடும். உண்மையில் அது கடப்பது 200க்கும் குறைவு. அதனால் மூன்று விளிம்புச் சமன்பாடுகளையும் டைலின் மூலையில் வைத்துச் சோதித்து, ஒரு விளிம்புக்கு முழுக்க வெளியே இருக்கும் டைலைத் தள்ளிவிடுவார்கள். பெரிய கட்டம், அதற்குள் சிறிய கட்டம் என அடுக்கிச் சோதித்தால் இன்னும் மலிவு. பெரிய முக்கோணத்தைப் பெரிய கட்டத்தின் பட்டியலில் ஒரே முறை எழுதலாம். ஆனால் அதன் கீழுள்ள ஒவ்வொரு டைலும் அதைப் படித்துப் பார்த்தாக வேண்டும். எழுதும் செலவா, படிக்கும் செலவா என்ற இந்த இழுபறிக்கு எல்லாக் காட்சிக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

நிரல் எழுதுகிறவர் செய்யக்கூடியது: தூரத்துப் பொருள்களுக்கு முக்கோணம் குறைந்த உருவங்கள். பவர்விஆர் வகையில் பட்டியலுக்கான இடம் நிரம்பினால் பிரேம் நடுவிலேயே டைல்களை வெளியே எழுதித் திரும்ப ஏற்றும். மேலே மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. மாலியில் பைஃப்ரோஸ்ட் தலைமுறை முதல் முக்கோண உச்சிகளின் இருப்பிடக் கணக்கு தனியாக முதலில் நடக்கும் என்பதால், அந்த இருப்பிடங்களை மட்டும் தனி பஃபரில் வையுங்கள்.

மாலிக்கு மட்டும் ஒன்று: டைலின் உள்ளடக்கம் முந்தைய பிரேமைப் போலவே இருந்தால், கையொப்பத்தை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சிறு எண்) ஒப்பிட்டு அதை எழுதாமலே விட்டுவிடும். திரை முழுக்கப் 'பிலிம் கிரெயின்' (பிரேமுக்குப் பிரேம் மாறும் புள்ளி இரைச்சல்) தூவினால் இந்தச் சலுகை செத்தது.

அளக்கும்போது சார்ஜரைக் கழற்றி, வெளிச்சத்தை ஒரே அளவில் நிறுத்தி, 20 நிமிடம் ஓட விடுங்கள். அளக்கும் கருவிகள்: மாலிக்கு ஸ்ட்ரீம்லைன், அட்ரினோவுக்கு ஸ்னாப்டிராகன் புரொஃபைலர், ஆப்பிளுக்கு எக்ஸ்கோட். வெளியே எழுதிய மொத்த பைட்டுகளைப் பிரேம் எண்ணிக்கையால் வகுங்கள். அமுக்கம் (தரவைச் சுருக்கி எழுதுவது) அணைத்த, ஒரே பாஸ் (வரையும் சுற்று) கொண்ட 1080பி காட்சியில், பட்டியல் செலவு போக 8 எம்பியை ஒட்டி வந்தால் சரி. 16 என்றால் ஆழம் வெளியே கசிகிறது. 33க்கு மேல் என்றால் எம்எஸ்ஏஏ மாதிரிகள் கசிகின்றன.